மூன்றாம் பாத்தியை மிதித்தவள்

முத்துச்செல்வி மதினிக்குப் பறவைகளைப் பிடிக்காது. இதை முதலில் எழுதிவிடுகிறேன். துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர், பறவைகள்மேல் உயிரையே வைத்திருந்தாள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது உண்மையில்லை. உப்பளத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த எவருக்கும் பறவையைப் பிடிக்காது. உப்பு இறங்கும் பாத்தியில் அது கால் வைத்தால் அடிச்சேறு கலங்கும். உப்பு கறுக்கும். கறுத்த உப்பைப் பார்த்தால் கணக்கப்பிள்ளை வாய்க்கு வந்தபடி ஏசுவார். அதனால் மதினி முந்தானையில் எப்போதும் நாலைந்து கல்லை முடிந்து வைத்திருப்பாள். குறி தப்பாது.

அவள் என் அண்ணன் சிவனாண்டியின் மனைவி. சாத்தான்குளத்துப் பக்கம் பனங்காட்டு ஊர் ஒன்றிலிருந்து பத்தொன்பது வயதில் கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்களுக்கு அம்மா இல்லை. அண்ணன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். வந்த மூன்றாம் மாதமே மதினி முத்தையாபுரத்து உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் என்னை மீன் கம்பெனிக்கு அனுப்பலாம் என்று அண்ணன் சொன்னான். “நான் ஒருத்தி உப்புல வேகுதது போதாதா? அவளையும் எறால் உரிக்க அனுப்பணுமா?” என்று கேட்டாள் மதினி. அதோடு பேச்சு முடிந்தது. நான் கல்லூரியில் விலங்கியல் படித்தேன். முதல் வருடம் கரப்பான்பூச்சியை அறுத்துப் பார்த்த கதையைச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது.

“ஏளா, கரப்பான நான் செருப்பாலயே அறுப்பனே. இதுக்கா ரெண்டு பஸ்சு மாறிப் போற?”

உப்பளத்தில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. மிதிக்கிறதில் அவளுக்கு மிஞ்சி ஆள் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகளின் தரை ஊறிக் குழைந்துவிடும். தை மாதம் தண்ணீரை வடித்துவிட்டு, மேலே படிந்த கறுப்புச் சேற்றை வழித்து எறிந்துவிட்டு, பெண்கள் ஒரு வரிசையாகத் தோளோடு தோள் நின்று குதிகாலால் மிதித்துக்கொண்டே போவார்கள். வரிசை அந்தக் கரையைத் தொட்டுத் திரும்பும். இப்படி நாள் கணக்கில் நடக்கும். குதிகால் தடம் விழாத அளவுக்குத் தரை இறுகினால்தான் அந்த வருடம் உப்பு வெள்ளையாக வரும். உப்புத் தண்ணீர் பூமிக்குள் இறங்காமல் நிற்கும். மதினி மிதித்த பாத்தியில் காலையில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் என்பார்கள். நான் போய்ப் பார்த்திருக்கிறேன். பொய்யில்லை.

நாற்பத்தோராவது வயதில் அவளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. கால் மரத்துப்போயிருந்தது. பாதத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் ஒருநாள் காலையே எடுக்க வேண்டி வரும் என்று அரசு மருத்துவமனை டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் பூங்கா வந்தது.

முத்தையாபுரத்துக்குத் தெற்கே உப்பு எடுப்பதை நிறுத்திவிட்ட பழைய அளம் ஒன்றைத் திருத்தி இயற்கைப் பூங்காவாக்கும் திட்டம். சென்னையில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தியது. இங்கே பொறுப்பாக இருந்தவர் ஜெர்சன். நாசரேத்துக்காரர், பறவைகளைப் பற்றி ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர், முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் எட்டுப் பெண்களை வேலைக்கு எடுத்தார். எட்டுப் பேரும் உப்பளத்துக்காரிகள். சீமைக்கருவேலத்தை வெட்டுவது, ஓடையில் ஒதுங்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்குவது, கரைக்கு மண் சுமப்பது. எல்லாருக்கும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். மதினி அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நாலு நடை நடந்து காட்டினாள். “எப்பிடி இருக்கேன்? போலீஸ்காரி மாதிரி இல்ல?” என்றாள். அண்ணன், “தொப்பியும் குடுக்கச் சொல்லு” என்றான்.

திட்டம் மூன்று வருடத்துக்கு. மூன்றாம் வருடப் பங்குனியில் வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து பறவைகளை எண்ணுவார்கள். திருத்திய பாத்திகளில் பறவை மேய்ந்தால் திட்டம் நீடிக்கும், எட்டுப் பேருக்கும் நிரந்தர வேலை. மேயாவிட்டால் திட்டம் முடிந்தது. ஜெர்சனே இதை அவர்களை உட்காரவைத்துச் சொன்னார். மற்ற ஏழு பேருக்கும் உப்பளம் என்று ஒரு போக்கிடம் இருந்தது. மதினிக்கு அது இல்லை.

பூங்காவில் நாலு பாத்திகள். உண்மையில் பல பழைய பாத்திகளின் வரப்பு கரைந்து ஒன்றாகிப்போன பரப்புகள் அவை. மூன்றாவதுதான் முக்கியம். ஒன்றரை ஏக்கர் இருக்கும். ஜெர்சன் அதன் கிழக்குக் கரையை வெட்டி மடை வைத்து, கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வந்து வற்றும்போது போகும்படி செய்தார். முப்பது நாற்பது வருடம் மிதிபட்டுக் கல்லாகக் கிடந்த தரை, இரண்டு மழைக்காலத்தில் குழைந்து கருஞ்சேறாகியது. நாற்றம் குடலைப் பிடுங்கும். இரண்டாம் வருடப் பங்குனியில் அதில் எண்ணூறு உள்ளான்கள் இறங்கின.

உள்ளான் என்பது கைக்குள் அடங்கிவிடுகிற சின்னப் பறவை. மழைக்காலத்துக்கு முன்னால் வந்து இந்தக் கரையில் குளிர்காலத்தைக் கழிக்கும். பங்குனி, சித்திரையில் வடக்கே திரும்பும். சைபீரியாவின் பனிப் பிரதேசம் வரை, எட்டாயிரம் ஒன்பதாயிரம் கிலோமீட்டர். கிளம்புவதற்கு முன் மூன்று நாலு வாரம் ஓயாமல் தின்று உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ளும். வளைந்த மூக்குள்ள உள்ளான்களுக்கு அந்த நாட்களில் சாம்பல் நிறம் உதிர்ந்து நெஞ்சு செங்கல் நிறமாகும். மதினி இதைக் கவனித்திருந்தாள்.

“கல்யாணப் பொண்ணு மாதிரி செவக்குதுவ. அங்கன போயித்தான் மாப்பிள்ள பாக்குமாம், சார் சொல்லுதாவ.”

“கல்லெறியாம இருக்கீங்களா மதினி?”

“கை அரிக்கத்தான் செய்யுது.”

மூன்றாம் வருடம் மாசி மாதம் ஜெர்சனின் அப்பாவை நெஞ்சுவலி என்று மதுரையில் சேர்த்தார்கள். அவர் பதினைந்து நாள் விடுப்பில் போனார். போகும்போது கரையோரம் முளைத்திருந்த கருவேலங்கன்றுகளைப் பிடுங்கிவிட்டு, பிளாஸ்டிக் பொறுக்கி வைக்கும்படி சொல்லிவிட்டுப் போனார். எட்டு உப்பளத்துக்காரிகளுக்கு அது மூன்று நாள் வேலை. நாலாவது நாள் எல்லாரும் கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அன்று நடந்ததைப் பிறகு செல்வலட்சுமி எனக்குச் சொன்னாள். எட்டுப் பேரில் அவள்தான் இளையவள்.

“யக்கா மூணாம் பாத்தியவே பாத்துக்கிட்டு இருந்தா. ‘ஏளா, இன்னும் ஒரு மாசத்துல எண்ணுறதுக்கு ஆளு வாரான். தரை கெடக்குற கெடயப் பாத்தியளா? பீச்சேறு மாதிரி’ன்னா. ‘சார் ஒண்ணும் சொல்லலயே’ன்னேன். ‘சாருக்கு அப்பன் சாகக் கெடக்கான். அவருக்கு இதான் நெனப்பா? நாம செஞ்சு வச்சா வந்து பாத்துச் சந்தோசப்படுவாரு’ன்னா. எங்களுக்கும் அது சரின்னுதான் பட்டுது.”

அன்று மதியம் மதினி எனக்குப் போன் செய்தாள். நான் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வகப் பொறுப்பில் இருக்கிறேன். செய்முறைத் தேர்வு நாள். மேசை முழுக்கப் பதிவேடுகள் கிடந்தன.

“ஏளா, நீ படிச்சவதான. இந்தப் பறவைகளுக்குத் தரை மெத்துன்னு இருக்கணுமா, கெட்டியா இருக்கணுமா?”

“பறவைக்கு எந்தத் தரையா இருந்தா என்ன மதினி, எல்லாம் ஒண்ணுதான். எனக்கு வேலை கெடக்கு.”

“சரி சரி. வை.”

நான் நீரில் வாழும் புழுக்களைப் படமாக வரைந்து பாகம் குறித்து, பல்கலைக்கழகத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவள். கரைப் பறவைகள் எதைத் தின்கின்றன என்பதும் பாடத்தில் இருந்தது. கேட்டவளுக்கு ஒரு நிமிடம் கொடுத்திருந்தால் எனக்கே ஞாபகம் வந்திருக்கும்.

கடல் வற்றிய நேரம் பார்த்து மடையைத் திறந்து தண்ணீரை வடித்தார்கள். பலகை போட்டு மடையை அடைத்தார்கள். மாசி வெயிலில் மூன்று நாள் காயவிட்டார்கள். சேறு பிசைந்த மாவுப் பதத்துக்கு வந்ததும் மேல்தோலை வழித்தார்கள்.

“யக்கா, ஒரே புழுவா நெளியுது” என்றிருக்கிறாள் செல்வலட்சுமி.

“விருந்தாளி வாற எடத்துல புழுவா? வழிச்சுக் கரையில போடு.”

கூடை கூடையாக வழித்துக் கரையில் போட்டார்கள். காக்கைகளும் கொக்குகளும் தின்று தீர்த்தன. பிறகு எட்டுப் பேரும் பூட்ஸைக் கழற்றிக் கரையில் வரிசையாக வைத்துவிட்டு இறங்கினார்கள். பூட்ஸ் போட்ட காலால் மிதிக்க முடியாது; குதிகாலுக்குத் தரையின் பதம் தெரியாது. மதினி இறங்க வேண்டாம் என்று மற்றவர்கள் தடுத்திருக்கிறார்கள். “நான் மிதிக்காத பாத்தி என்ன பாத்திளா?” என்று வரிசையின் நடுவில் போய் நின்றுகொண்டாள். மரத்த காலுக்குப் பதம் எப்படித் தெரிந்தது என்று செல்வலட்சுமியைக் கேட்டேன். “அவளுக்கு இடுப்புல தெரியுமாம்” என்றாள். ஆறு நாள் மிதித்தார்கள். சம்பளம் கிடக்கட்டும், யாரும் சொல்லாத வேலை அது. வேறு எந்த ஊர்க்காரர்களும் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். தங்களுக்குத் தெரிந்ததிலேயே மிக நல்லதை அவர்கள் அந்தப் பறவைகளுக்குச் செய்தார்கள். கடைசியில் இரண்டு விரல் கனத்துக்குத் தண்ணீர் விட்டார்கள். வானம் அப்படியே உள்ளே இறங்கியதுபோல் இருந்ததாம்.

ஜெர்சன் திரும்பி வந்த அன்று எனக்கு விடுமுறை. மதினி என்னைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போயிருந்தாள். “சார் மொகத்தப் பாக்கணும் நீ” என்றாள். எட்டுப் பேரும் தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

ஜெர்சன் பைக்கை நிறுத்திவிட்டு மூன்றாம் பாத்திக் கரையில் ஏறினார். நின்றார். செருப்போடு தண்ணீரில் இறங்கினார். கால் உள்ளே போகவில்லை. இன்னும் நாலு எட்டு வைத்தார். குனிந்து விரலால் குத்திப் பார்த்தார். நகம் மட்டும் இறங்கியது.

“யார் மிதிச்சது?” என்றார் திரும்பாமலே.

“நாங்கதான் சார். ஆறு நாள்” என்றாள் மதினி. அவள் குரலில் இருந்த பெருமையை நான் வேறு எப்போதும் கேட்டதில்லை. என் பட்டமளிப்பு அன்றுகூட. “ஒரு எடத்துல தடம் காட்டுங்க பாப்போம்!”

அவர் வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். அவர் திட்டியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். திட்டியிருந்தால் மதினி பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்பாள். அவர் திட்டவில்லை. மெதுவாக, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொன்னார். உள்ளான் மூக்கைச் சேற்றுக்குள் விட்டுத்தான் தின்னும். அது தின்பது அந்தப் புழுக்களைத்தான். அந்தப் புழுக்கள் வந்து சேரத்தான் இரண்டு வருடம் ஆனது.

செல்வலட்சுமி தலையிலிருந்த பூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். மதினி பாத்தியைப் பார்த்தாள், கரையில் காய்ந்து கிடந்த கறுப்புச் சேற்றைப் பார்த்தாள். “அதத் திரும்ப உள்ள போட்டா ஆகாதா சார்?” என்றாள்.

போட்டார்கள். மடையைத் திறந்துவிட்டு, மண்வெட்டியால் கொத்தினார்கள். ஏர் வாடகைக்குப் பிடித்து உழுதார்கள். மதினி ஒரு நாளும் வீட்டில் நிற்கவில்லை. தரை கட்டி கட்டியாகப் பெயர்ந்ததே தவிரச் சேறாகவில்லை. பங்குனி பிறந்ததும் உள்ளான்கள் கூட்டமாக வந்தன. போன வருடம் தின்ற இடத்தை அவை மறக்கவில்லை. இறங்கும், ஓடும், குத்தும், எழும்பும். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அதே இடத்தில் இறங்கும். மறுபடி குத்தும். மதினி கரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலைந்து நாளில் கூட்டம் கலைந்துவிட்டது. தெற்கே இன்னும் உப்பு எடுக்கிற அளங்களுக்குப் போயிருக்கும். அங்கே உப்புக் காலம், கல்லெறிவார்கள்.

மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எண்ண வந்தார்கள். மூன்றாம் பாத்தியில் நாற்பத்தொன்று.

அறிக்கை சித்திரையில் வந்தது. ஆங்கிலம். மதினி என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். ‘விழிப்புணர்வற்ற உள்ளூர்த் தொழிலாளர்களின் செயலால்’ வாழிடம் சீர்குலைந்தது என்று ஒரு வரி இருந்தது. மூன்றாம் பாத்தி இனிப் பறவைகளுக்கு உதவாது, அதில் அலையாத்திக் கன்றுகளை நடலாம் என்று இன்னொரு வரி. முதல் வரியைத் தாண்டிவிட்டு இரண்டாவதை மட்டும் வாசித்தேன். மதினி, “ஒரு வரிய முழுங்கிட்ட” என்றாள். வாசித்தேன்.

விழிப்புணர்வு. பூங்காவுக்கு வாரம் இரண்டு பள்ளிக்கூடங்கள் வந்தன. ஜெர்சன் கொட்டகைக்குள் பிள்ளைகளை உட்காரவைத்து, வெள்ளைத் தட்டில் சேற்றை அலசிப் புழுக்களைக் காட்டுவார், உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் கொடுப்பார். அவ்வளவு நேரமும் எட்டுப் பெண்களும் வெளியே வெயிலில் மோர் கலக்கிக்கொண்டிருப்பார்கள். மூன்று வருடத்தில் இருநூறு பள்ளிக்கூடங்களாவது வந்திருக்கும். அந்தத் தட்டுகளைக் கழுவி வைத்ததும் இவர்கள்தான். தட்டில் என்ன இருந்தது, ஏன் இருந்தது என்று யாரும் இவர்களைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. ஜெர்சன் கெட்டவர் இல்லை. அதனால்தான் எனக்கு ஆறவில்லை.

எட்டுப் பேரையும் நிறுத்திவிட்டார்கள். கன்று நடுவதற்கு ஒப்பந்தக்காரர் வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்தார். கன்றுகளில் பாதி ஆடிக்காற்றிலேயே சாய்ந்துவிட்டன. மற்ற ஏழு பேரும் உப்பளத்துக்குத் திரும்பினார்கள். மதினி திரும்பவில்லை. அவள் இடது பாதத்தில் ஆறு நாள் மிதியில் விழுந்த வெடிப்பு ஒன்று மூடாமலே இருந்திருக்கிறது. வலி தெரியாத கால். தெரிந்த பிறகும் துணியைச் சுற்றி மறைத்திருக்கிறாள். அண்ணன் நாற்றத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தான். ஆவணியில் பாதத்தை எடுத்தார்கள். ஐப்பசியில் முழங்காலுக்குக் கீழே. ரத்தத்தில் நஞ்சு ஏறிவிட்டது என்றார்கள்.

இறப்பதற்குப் பதினோரு நாள் முன்பு ஜெர்சன் மருத்துவமனைக்கு வந்தார். ஆரஞ்சு வாங்கி வந்திருந்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

“அப்பா எப்பிடி இருக்காவ சார்?” என்றாள் மதினி.

“நல்லா இருக்காங்க.”

“சார், பங்குனியில வந்துச்சே, அதெல்லாம் ஊரு போய்ச் சேந்துருக்குமா?”

“சேந்துருக்கும்மா.”

“எண்ணுனியளா?”

“அங்க எண்ண முடியாதும்மா. ரொம்பத் தூரம்.”

“அப்ப எப்பிடிச் சொல்லுதிய?”

அவர் பையை மறு கைக்கு மாற்றினார். “தின்னாமக் கெளம்பினா கொஞ்சம் வழியில விழுந்துரும்மா. எத்தனைன்னு தெரியாது” என்றார். சொல்லிவிட்டு அவரே பயந்தவர்போல் என்னைப் பார்த்தார்.

“அதச் சொல்லுங்க. விழுந்துச்சுன்னு சொல்லுங்க.” மதினி மூச்சு வாங்கினாள். “சேத்துக்குள்ள என்ன இருக்குன்னு முன்னாலயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, காவலுக்கே நின்னுருப்போம்லா சார். ஒரு பய கால் வச்சிருப்பானா?”

“சொல்லியிருக்கணும்மா” என்றார் ஜெர்சன். பையைக் கட்டிலின் கால்மாட்டில் இடப்பக்கம் வைத்தார். அந்த இடம் காலியாகத்தான் இருந்தது.

அவர் போன பிறகு மதினி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

“நல்ல பிள்ளதான், பாவம்” என்றாள். “எங்ககிட்டச் சொல்லணும்னு ஒருத்தருக்கும் தோணல. அவ்வளவுதான்ளா.”

அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைய போனைப் பற்றிச் சொல்லியிருப்பேனோ என்னவோ. கஞ்சி ஆறிவிட்டது என்றேன். அவள் வாயைத் திறந்தாள்.